அடி படவில்லை என்றாலும் எழுதி வையுங்கள்

கேள்வி: சம்பா அறுவடை முடிந்து களத்தில் அடுக்கி வைத்திருந்த நெல் மூட்டைகளில் மேல் வரிசையிலிருந்து இரண்டு சரிந்து விழுந்தன. அடுக்கின் கீழே சிந்திய நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த பெண் அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். யாருக்கும் அடி இல்லை. மூட்டைகளைத் திரும்ப அடுக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தோம். இதை யாரிடமாவது சொல்ல வேண்டுமா? ஆளுக்கு ஒன்றும் ஆகாதபோது இதைப் பெரிதாக்குவது தேவைதானா?
(சிதம்பரம் வட்ட வாசகர்)

பதில்: தேவைதான். சொல்லவும் வேண்டும், எழுதி வைக்கவும் வேண்டும். இந்தக் கேள்வி பல ஊர்களுக்கும் பொருந்தும் என்பதால், இந்த இதழில் இதற்கே விரிவான பதில்.

10 அடி உயரத்திலிருந்து விழும் மூட்டை தரையைத் தொட முக்கால் விநாடிக்குச் சற்றே கூடுதலான நேரம்தான் ஆகும். தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர் அளவில் இருக்கும். கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. அந்த எடை அந்த வேகத்தில் குனிந்திருப்பவரின் கழுத்திலோ முதுகிலோ விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. "ஓடு" என்று கத்துபவர் அந்தச் சொல்லை முடிக்கும்முன் மூட்டை கீழே வந்துவிடும். கேள்வியில் சொல்லப்பட்ட பெண்ணைக் காப்பாற்றியது அவருடைய தாகம். மூட்டை அடுக்கியிருந்த முறை காப்பாற்றவில்லை. அதே அடுக்கு, அதே முறையில், மறுநாளும் அங்கேயே நிற்கும். அவரும் அங்கேதான் உட்கார்ந்து கூட்டுவார்.

இப்படி நடக்கவிருந்து நடக்காமல் போனதைத் தொழிற்சாலைகளில் 'தப்பிய விபத்து' என்று தனியாகப் பதிவு செய்கிறார்கள். விழுந்த சுமை, அறுந்த கயிறு, வழுக்கிய கிளாம்பு, சாய்ந்து நின்ற கிரேன் என்று யாருக்கும் காயமில்லாத எல்லாமே இதில் அடங்கும். விபத்துக்கும் தப்பிய விபத்துக்கும் காரணம் ஒன்றுதான். வேறுபாடு ஆள் எங்கே நின்றார் என்பதில் மட்டும்.

ஏன் யாரும் சொல்வதில்லை?

'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்பது நம் ஊர்ப் பழமொழி. ஆறுதலுக்கு நல்ல பழமொழிதான். ஆனால் தலைப்பாகை எப்படிப் போயிற்று என்று அதன்பின் யாரும் கேட்பதில்லை. கண் திருஷ்டி என்று ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் போட்டுவிட்டு வேலை தொடர்கிறது. திருஷ்டி கழிப்பது அவரவர் நம்பிக்கை. அதோடு சேர்த்து அடுக்கையும் பிரித்துப் பார்த்தால் போதும்.

சொல்லாமல் இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. சுமை தூக்குபவர் அன்றாடக் கூலிக்காரர். "மூட்டை சரிந்தது" என்று அவர் வாய் திறந்தால், "ஒழுங்காக அடுக்கத் தெரியாதா?" என்ற பேச்சு அவர்மேலேயே வரும். மறுநாள் மேஸ்திரி வேறு ஆளைக் கூட்டிவந்துவிடுவார் என்ற பயமும் இருக்கும். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால், வேலையை நிறுத்திப் பேசும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு நட்டம். நிலத்துக்காரருக்கோ மழை வருவதற்குள் நெல் ஏற வேண்டும் என்ற அவசரம். ஆக, பார்த்தவர்கள் எல்லோரும் பேசாமல் இருக்க ஆளுக்கொரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயங்களை முதலில் சரிசெய்யாமல் "சொல்லுங்கள், சொல்லுங்கள்" என்று அறிவுரை கூறிப் பயனில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 88-ஆவது பிரிவு, உயிரிழப்பையும் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத காயத்தையும் அரசுக்குத் தெரிவிக்கச் சொன்னது. அதன்பின் சேர்க்கப்பட்ட 88-ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. ஆபத்தான நிகழ்வு என்று விதிகளில் குறிப்பிடப்பட்டது நடந்தால், யாருக்கும் காயம் ஏற்பட்டாலும் ஏற்படாவிட்டாலும் ஆலை மேலாளர் தெரிவித்தாக வேண்டும் என்றது. 2020-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவும் இதையே சொல்கிறது. காயம் இல்லை என்பதால் செய்தி இல்லை என்று ஆகாது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அதே 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, சுமை தூக்கும் இயந்திரம், சங்கிலி, கயிறு, கொக்கி ஆகியவற்றைத் தகுதி பெற்றவர் 12 மாதங்களுக்கு ஒரு முறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றது. எவ்வளவு எடை வரை தூக்கலாம் என்பது குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் ஏற்றக்கூடாது. நெல்லிக்குப்பம் ஈ.ஐ.டி. பாரி ஆலையானாலும், சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையானாலும், நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் பணிமனையானாலும் இத்தகைய விதிகளுக்கு உட்பட்டவைதான்.

ஆனால் வயலும் களமும் தொழிற்சாலை அல்ல. போர்வெல் மோட்டாரைத் தூக்கும் செயின் பிளாக்கை யாரும் வந்து சோதிப்பதில்லை. தப்பிய விபத்தைத் தெரிவிக்கச் சொல்லி நோட்டீசும் வராது. அதனால்தான் விவசாயி தனக்குத் தானே ஆய்வாளராக இருக்க வேண்டியிருக்கிறது.

மற்றவர்கள் கற்றது

அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஹைன்ரிக் என்பவர் 1931-இல் எழுதிய நூலில் ஒரு கணக்கைச் சொன்னார். ஒரே மாதிரியான 330 நிகழ்வுகளில் 300-இல் காயமே இல்லை, 29-இல் சிறு காயம், ஒன்றில் பெருங்காயம் என்பது அது. இந்த எண்கள் எல்லா வேலைக்கும் அப்படியே பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். ஆனாலும் அதன் அடிப்படைச் செய்தி விவசாயிக்குப் பழக்கமானதுதான். ஒரு தூரில் குருத்து காய்ந்ததைப் பார்த்தவுடனே தண்டுத் துளைப்பானைத் தேடுகிறோம். வயல் முழுக்க வெண்கதிர் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. சரிந்த மூட்டையும் காய்ந்த குருத்தைப் போன்றதுதான்.

விமானத் துறையில் இன்னொரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்களுக்கு நேர்ந்த தப்பிய விபத்துகளை நாசா நடத்தும் ஓர் அமைப்புக்கு எழுதி அனுப்புகிறார்கள். விமானிமீது நடவடிக்கை எடுக்கும் துறை வேறு, அவர் எழுதியதைப் பெறும் அமைப்பு வேறு. எழுதியவர் பெயரை நீக்கிவிட்டுச் செய்தியை மட்டும் பயன்படுத்துகிறார்கள். களத்துக்கும் இது பொருந்தும். கூலி கொடுப்பவரிடமும் ஆள் மாற்றும் மேஸ்திரியிடமும் நேராகச் சொல்லத் தயங்குபவர், உழவர் குழுவின் செயலாளரிடமோ வீட்டுப் பெண்களிடமோ தயங்காமல் சொல்வார்.

நம் மாவட்டத்தில் கவனிக்க வேண்டிய இடங்கள்

நெல், உர மூட்டைகள்: அடுக்கு சரிவதற்கு முக்கியக் காரணம் அடி வரிசை. ஈரத் தரையில் நேராக வைத்த மூட்டை நனைந்து குழைந்து ஒரு பக்கமாக அமுங்கும். மேல் வரிசைகள் அந்தப் பக்கமே சாயும். சமமான தரையில் சவுக்குக் கட்டை பரப்பி, அதன்மேல் அடுக்க வேண்டும். ஒரு வரிசையை நீளவாக்கிலும் அடுத்ததைக் குறுக்குவாக்கிலும் வைத்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மேலே போகப் போக அடுக்கு சற்று உள்வாங்க வேண்டும். எடுக்கும்போது மேலிருந்து படிப்படியாக எடுக்க வேண்டும். அவசரத்துக்கு நடுவிலிருந்தோ அடியிலிருந்தோ உருவக்கூடாது. கூட்டுறவுச் சங்கக் கிடங்குகளில் 45 கிலோ யூரியா மூட்டையும் 50 கிலோ டிஏபி மூட்டையும் வழவழப்பான பைகளில் வருகின்றன. சணல் சாக்கைவிட இவை எளிதில் வழுக்கும். எனவே உயரத்தைக் குறைத்து அடுக்குவது நல்லது.

சிந்திய நெல்லைக் கூட்டும் வேலையை மூட்டை ஏற்றும் நேரத்தில் வைக்கவே கூடாது. ஏற்றி முடிந்தபின் கூட்டலாம். செலவில்லாத மாற்றம் இது. கேள்வி கேட்ட வாசகர் இன்றைக்கே செய்யக்கூடியதும் இதுதான்.

கரும்பும் டிப்பரும்: கரும்புச் சுமையைக் கட்டிய சங்கிலியை அவிழ்க்கும்போது இறுக்கம் ஒரே நொடியில் விடுபடும். பக்கவாட்டில் நிற்பவர்மேல் கரும்பு உருளும். அவிழ்ப்பவர் வண்டியின் முன்பக்கமோ பின்பக்கமோ நிற்க வேண்டும். ஆலை வாசலில் காத்திருக்கும்போது நிழலுக்காக டிரெய்லரின் அடியில் படுப்பதை ஓட்டுநர்கள் கைவிட வேண்டும். டிப்பரைத் தூக்கி நிறுத்திவிட்டு அதன் அடியில் கிரீஸ் அடிக்கவோ பழுது பார்க்கவோ நுழைவதும் ஆபத்து. ஹைட்ராலிக் குழாய் வெடித்தால் தொட்டி ஒரே நொடியில் இறங்கிவிடும். இரும்பு முட்டுக் கொடுக்காமல் தலையை நீட்டக்கூடாது. அறுவடை இயந்திரத்தின் வெட்டும் பகுதியைத் தூக்கிவைத்து அடியில் வேலை செய்யும்போதும் இதே விதிதான்.

போர்வெல் மோட்டார்: மோட்டாரைத் தூக்கும்போது எவ்வளவு எடையைத் தூக்குகிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. 200 அடி ஆழத்தில், 2 அங்குல இரும்புக் குழாயில் மோட்டார் தொங்குவதாக வைத்துக்கொள்வோம். குழாயின் எடை மட்டும் சுமார் 300 கிலோ. குழாயில் தண்ணீர் நின்றால் அது இன்னும் 120 கிலோ. மோட்டாரும் பம்பும் 50 கிலோவுக்கு மேல். ஆக, கிட்டத்தட்ட அரை டன். 'ஒரு மோட்டார்தானே' என்று பழைய கயிற்றை மாட்டுபவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

எப்போதும் இரண்டு கிளாம்புகள் வேண்டும். கீழ்க் கிளாம்பு இறுகப் பிடித்துவிட்டதா என்று பார்த்தபின்தான் மேல் கிளாம்பைத் தளர்த்த வேண்டும். முக்காலியின் கால்கள் விலகாமல் ஒன்றோடொன்று கட்டி, தரையில் குழி எடுத்து ஊன்ற வேண்டும். கிளாம்பில் குழாய் அரை அடி வழுக்கி நின்றால் அது தப்பிய விபத்து. அந்த இடத்திலேயே நிறுத்தி, கிளாம்பின் பல் தேய்ந்திருக்கிறதா, போல்ட் மரை வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். "பிடிச்சுக்கிச்சு, தூக்கு" என்று தொடரக்கூடாது. தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். 20 அடி இரும்புக் குழாய் நிமிர்ந்து எழும்போது கம்பியைத் தொட்டால் பிடித்திருப்பவர் பிழைப்பது அரிது.

இரண்டு கால் கயிற்றில் சுமையைத் தொங்கவிடும்போது கயிறு எவ்வளவு அகன்று நிற்கிறது என்பதும் முக்கியம். இரண்டும் நேர் கீழாகத் தொங்கினால் 500 கிலோவை ஆளுக்கு 250 கிலோவாகப் பகிர்ந்துகொள்ளும். இரண்டுக்கும் இடையில் 120 பாகை அளவுக்கு விரிந்தால் ஒவ்வொரு கயிறும் முழு 500 கிலோ இழுவிசையைத் தாங்க வேண்டும். அதே கயிறு, அதே சுமை, ஆனால் இரண்டு மடங்கு பளு. கயிறு குட்டையாக இருக்கிறதே என்று அகலமாக மாட்டுவது இதனால்தான் ஆபத்து.

பலாவும் சாய்ந்த மரமும்: பண்ருட்டிப் பக்கம் பலாப்பழத்தைக் கயிறு கட்டி இறக்கும்போது கயிறு பிடிப்பவர் பழத்துக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதுண்டு. 20 அடி உயரத்திலிருந்து விழும் பழம் மணிக்கு 39 கிலோமீட்டர் வேகத்தில் வரும். கயிற்றை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, தள்ளி நின்று மெதுவாக விட்டால் எடையை மரமே தாங்கும். கை வழுக்கினாலும் கீழே ஆள் இருக்க மாட்டார்.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் முந்திரியும் பலாவும் ஆயிரக்கணக்கில் வேரோடு சாய்ந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அப்படிச் சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்தால், வேர்த்தட்டு மண்ணோடு சட்டென்று பழைய இடத்துக்கே எழும்பி நிற்கக்கூடும். அந்தக் குழிக்குள் யாரும் நிற்கக்கூடாது, குழந்தைகளை அந்தப் பக்கமே விடக்கூடாது. ஜேசிபியின் மண் அள்ளும் தொட்டிப் பல்லில் சங்கிலியை மாட்டி மரத்தைத் தூக்குவதும் தவறு. சுமை தூக்கப் பற்றுமிடம் அது அல்ல. சங்கிலி நழுவும்.

கிரேன்: ஹைட்ரா கிரேனை வாடகைக்கு எடுக்கும்போது "12 டன் வண்டி" என்று சொல்வார்கள். கை குறுகி, சுமை வண்டிக்கு நெருக்கமாக இருக்கும்போதுதான் அந்த 12 டன். கை நீள நீளத் தூக்கும் திறன் வெகுவாகக் குறையும். எவ்வளவு நீட்டினால் எவ்வளவு தூக்கலாம் என்ற அட்டவணை வண்டியில் இருக்க வேண்டும். இருந்தால் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு வண்டி தேடுங்கள். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில், குமராட்சிப் பகுதிக் களிமண் அறுவடைக் காலத்தில் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். செம்மண் நிலத்தில் வேலை செய்து பழகிய ஓட்டுநருக்கு இது தெரியாமல் போகலாம். வரப்போரமும் வாய்க்கால் கரையும் இன்னும் மோசம்.

2023 ஜனவரி 22 அன்று ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி அருகே கீழ்வீதி கிராமத்தில், கோயில் திருவிழாவின்போது ஆட்கள் ஏறியிருந்த கிரேன் சாய்ந்து நான்கு பேர் உயிரிழந்தார்கள். சரக்குத் தூக்கும் கிரேனில் ஆளை ஏற்றக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. 2020 ஆகஸ்ட் 1 அன்று விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில், கிரேன் ஒன்றைச் சோதித்துப் பார்க்கும்போதே அது சரிந்து 11 பேர் இறந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் பணியாற்றும் பெரிய நிறுவனத்திலேயே இது நடக்கும் என்றால், களத்தில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சுமை அந்தரத்தில் இருக்கும் வரை அதன் அடியிலும், அது சாய்ந்தால் எட்டக்கூடிய தூரத்திலும் யாரும் நிற்கக்கூடாது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

பண்ணை வரவு செலவுக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களே இதற்குப் போதும். ஐந்து செய்திகளை எழுதினால் போதுமானது:

1. நாள், நேரம், இடம்.
2. எது விழுந்தது, சரிந்தது, அறுந்தது, வழுக்கியது.
3. அந்த நேரத்தில் ஆட்கள் எங்கே இருந்தார்கள்.
4. என்ன காரணம் என்று தோன்றுகிறது.
5. என்ன மாற்றினோம், எந்தத் தேதியில் மாற்றினோம்.

மாதிரிக்கு ஒன்று: "தை 12, மாலை 4 மணி, வடக்குக் களம். நெல் அடுக்கின் மேல் வரிசையிலிருந்து 2 மூட்டை கிழக்குப் பக்கம் விழுந்தது. அந்தப் பக்கம் கூட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது, ஆள் இல்லாத நேரம். கிழக்கு ஓரம் அடியில் கட்டை இல்லை, தரை ஈரம். அடுக்கைப் பிரித்துக் கட்டை போட்டு 8 வரிசையாகக் குறைத்தோம், தை 13. ஏற்றி முடித்தபின் கூட்டுவது என்று முடிவு."

இதில் யாருடைய பெயரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். யார் அடுக்கியது என்று எழுத ஆரம்பித்தால் அடுத்த முறை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். அடியில் கட்டை இல்லாதது அடுக்கியவர் குற்றம் என்று நினைப்பது எளிது. கட்டை வாங்கிப் போட்டிருந்தால் அவர் அதன்மேல்தான் அடுக்கியிருப்பார்.

ஐந்தாவது வரி காலியாக இருந்தால் மற்ற நான்கும் வீண். சொன்னதற்குப் பலன் இருந்தது என்று கண்ணால் பார்த்தவர்தான் மறுபடியும் சொல்வார். மாற்றம் செய்யும்போது முதலில் ஆளைச் சுமையின் அடியிலிருந்து விலக்க வழி பாருங்கள். அடுத்தது கருவியைச் சரிசெய்வது. தலைக்கவசம் கடைசியில்தான் வரும். கழன்று விழும் போல்ட்டிலிருந்து அது காப்பாற்றும், 40 கிலோ மூட்டையிலிருந்து காப்பாற்றாது.

உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் மாதக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தைப் பத்து நிமிடம் படித்தால் இன்னும் நல்லது. ஒரே செயின் பிளாக்கும் ஒரே முக்காலியும் ஊர் முழுக்க வாடகைக்குச் சுற்றுகின்றன. ஒரு கொல்லையில் வழுக்கிய கிளாம்பு அடுத்த வாரம் இன்னொருவர் கொல்லையில் மாட்டப்படும். அங்கே யார் பக்கத்தில் நிற்பார் என்று யாருக்கும் தெரியாது.

மேலும் சில கேள்விகள்

கேள்வி: வேலைக்கு வருபவர்கள் மேஸ்திரி மூலம் வருகிறார்கள். கேட்டாலும் "ஒன்றும் ஆகவில்லை" என்றுதான் சொல்கிறார்கள். எப்படிச் சொல்ல வைப்பது?
(புவனகிரி வாசகர்)

பதில்: "ஏதாவது ஆனதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "இன்றைக்கு எந்த இடத்தில் மூட்டை ஆடியது? எந்தக் கயிறு சரியில்லை?" என்று பொருளைப் பற்றிக் கேளுங்கள். டீ குடிக்கும் நேரத்தில் கேளுங்கள். வேலையை நிறுத்திச் சரிசெய்யும் அரை மணி நேரத்துக்கும் கூலி உண்டு என்று காலையிலேயே மேஸ்திரி முன்னிலையில் சொல்லிவிடுங்கள். பெண் தொழிலாளர்களிடம் தனியாகக் கேட்பதும் அவசியம். அடுக்கின் அடியில் அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்தான். மூட்டை அசைவதை முதலில் பார்ப்பவர்களும் அவர்களே. அவர்களிடம்தான் யாரும் கேட்பதில்லை.

கேள்வி: நைலான் கயிற்றை எத்தனை ஆண்டுகள் பயன்படுத்தலாம்?
(குறிஞ்சிப்பாடி வாசகர்)

பதில்: ஆண்டுக் கணக்கு கிடையாது, நிலைமைதான் கணக்கு. வெயிலில் கிடந்த நைலான் கயிறு வெளுத்து, மேலே தூசு போல் நார் உதிரும். உரம், ஆசிட் பட்ட இடம் விறைத்துப் போகும். இப்படி இருந்தாலும், வெட்டுப்பட்டிருந்தாலும், ஒரு முறை பெரும் பளுவில் வெடுக்கென்று இழுபட்டிருந்தாலும் அதைச் சுமை தூக்கப் பயன்படுத்தக்கூடாது. முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் வலிமை கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும் என்பதால், அறுந்ததை முடிந்து தூக்குவதும் கூடாது. இரும்புக் கயிற்றில் இழைகள் அறுந்து துருத்திக்கொண்டிருந்தாலோ துரு ஏறியிருந்தாலோ ஒதுக்கிவிடுங்கள். வாய் விரிந்த கொக்கியும், பூட்டு நாக்கு இல்லாத கொக்கியும் அப்படித்தான். ஒதுக்கிய கயிற்றைக் கொட்டகை மூலையில் போட்டால் அவசரத்தில் யாராவது எடுத்து மாட்டுவார்கள். துண்டு துண்டாக வெட்டிவிடுவதே பாதுகாப்பு.

கேள்வி: கரும்பு இறக்கும்போது ஆலை வளாகத்தில் சங்கிலி அறுந்தால் விவசாயி யாரிடம் சொல்வது?
(ஸ்ரீமுஷ்ணம் வாசகர்)

பதில்: முதலில் அந்த இடத்தை விட்டு விலகி, இறக்கும் பகுதிப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பிறகு ஆலையின் பாதுகாப்பு அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். 1,000 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் கரும்பு அலுவலர் மூலம் மேலாளருக்குக் கொடுக்கலாம். நாள், நேரம், எடைச் சீட்டு எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டால் எந்தக் கிரேன், எந்தச் சங்கிலி என்று அவர்களால் உடனே கண்டுபிடிக்க முடியும். நடவடிக்கை இல்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதலாம். கொடுத்த கடிதத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓர் ஆள் எத்தனை கிலோ வரை தூக்கலாம்?
(விருத்தாசலம் வாசகர்)

பதில்: பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் வெளியிட்ட பரிந்துரையில், வளர்ந்த ஆண் ஒருவர் கையால் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லப்பட்டிருக்கிறது. பெண்களுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும். 40 கிலோ சிப்பம் அந்த வரம்புக்குள் வருகிறது. 75 கிலோ மூட்டை வரம்பைத் தாண்டுகிறது. தோளில் 75 கிலோவோடு பலகையில் ஏறுபவர் கால் தவறினால் மூட்டையும் விழும், ஆளும் விழுவார். விற்பனைக்கு 75 கிலோதான் வேண்டும் என்றால், சிறு மூட்டைகளாகவே ஏற்றி எடையைக் கூட்டிக் கணக்குப் பார்க்க வியாபாரியிடம் பேசிப் பாருங்கள். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், ஒரு மூட்டைக்கு இரண்டு ஆள் என்று வேலையைப் பிரித்துக் கொடுங்கள்.